கெரான் இருந்தால்தான் கெரான்: பினாங்குப் பெருநிலத்தில் ஒரு மண்டபம் எழுந்த விதம்

மலாய் மொழியில் கெரான் என்று ஒரு சொல். நிலப்பட்டாவுக்கும் அதுதான் பெயர், அரசாங்கம் கொடுக்கும் மானியத்துக்கும் அதுதான் பெயர். எங்கள் பக்கம் தமிழிலும் அப்படியே புழங்குகிறோம். "கெரான் வந்துருச்சா?" என்று ஒருவர் கேட்டால், பட்டாவைக் கேட்கிறாரா பணத்தைக் கேட்கிறாரா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், பழைய தோட்டத்து மக்கள் குடியிருக்கும் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மண்டபம் கட்ட நாங்கள் 7 ஆண்டு அலைந்தோம். அந்த 7 ஆண்டில் 5 ஆண்டு போனது முதல் கெரானுக்கு. இரண்டாவது கெரான் வந்த பிறகு கட்டடம் எழும்ப 8 மாதம்கூட ஆகவில்லை.

மண்டபக் குழுவுக்கு நான் செயலாளர். பிறையில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கெழுதுவது என் வேலை. மண்டப வேலை எல்லாம் சனி ஞாயிறில். ஊர்ப் பெயரையும் அலுவலகங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இதே நிலையில் இருக்கும் இன்னொரு குழுவுக்கு இந்தக் கணக்கு உதவும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய மண்டபம்

நிபோங் திபால், சுங்கை பாக்காப், பத்து காவான் வட்டாரத்துத் தோட்டங்களில் பலவும் முதலில் கரும்புத் தோட்டங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் இது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார். இருவருடைய கல்யாணமும் ஒரே மண்டபத்தில்தான் நடந்தது.

மண்டபம் என்றால் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் மரச்சட்டம், தலைக்கு மேல் துத்தநாகத் தகடு. ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு மேடை. மழை பெய்தால் உள்ளே யார் பேசினாலும் கேட்காது. ஒருமுறை தாலி கட்டும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, கெட்டி மேளம் என்று ஐயர் கத்தியது மேளக்காரருக்குக் கேட்காமல், பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்துச் சொன்னாராம்.

அதைக் கட்டியது தோட்ட நிர்வாகம். ஆட்களுக்கு வீடும் அடிப்படை வசதியும் செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. பிறகு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரித்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் சாலை, தண்ணீர், விளக்கு, மண்டபம், பிள்ளைக் கொட்டகை எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. கம்பெனி இருக்கிறவரை சரி. தோட்டம் கைமாறி, நிலம் வீடமைப்புக்குப் போய், எங்கள் ஆட்கள் லயத்திலிருந்து தரை வீட்டுக்கு மாறியதும் முதலாளி என்று யாரும் இல்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அது யாரைக் கட்டுப்படுத்துமோ அந்த ஆள் கிளம்பிப் போய்விட்டார்.

2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான் பக்கம் நிலம் போன விலை எல்லோருக்கும் தெரியும். பழைய மண்டபம் நின்ற இடம் மட்டும் யாரும் தொடாமல் கிடந்தது. தகடு துருப்பிடித்து, மேடைக்கு மேலேயே ஓட்டை. ஈமக்காரியச் சாப்பாட்டுக்குக்கூடத் தெருவில் கூடாரம் போட ஆரம்பித்தோம். அப்போதுதான் குழு கூடியது.

முதல் மனு

மண்டபம் கட்ட மானியம் கேட்டு 11 பக்கம். ஒழுகும் கூரையின் படங்கள், வீட்டுக்கு ஒரு கையெழுத்து, வரைபடம் போடத் தெரிந்த ஒரு தம்பி போட்டுக் கொடுத்த நகல். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நாள், பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு, தேவார வகுப்பு என்று மண்டபத்தின் பயன்களை நானே உட்கார்ந்து எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

4 மாதம் கழித்து ஒரே வரியில் பதில். நில உரிமை ஆவணம் இணைக்கப்படவில்லை.

ஆவணம் எங்களிடம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கோயில் தலைவராக இருந்த பெரியவர் வீட்டில், மைலோ டின்னுக்குள், நாலாக மடித்து வைத்த ஒரு கடிதம். கம்பெனி முத்திரை போட்ட தாள், தட்டச்சு எழுத்து, மடிப்பில் பூச்சி அரித்த ஓட்டை. மண்டபமும் அதைச் சுற்றிய இடமும் தொழிலாளர்களின் பயனுக்கு என்று அப்போதைய மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். நானும் பெரியவரும் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நில அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். முகப்பில் இருந்த அதிகாரி வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இனி சூராட் பியாசா, பாக்சிக். புக்கான் கெரான்."

இது சாதாரணக் கடிதம், பட்டா இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியவர் கடிதத்தை மறுபடி நாலாக மடிக்கத் தொடங்கியபோது, உறையில் நேராக வையுங்கள் ஐயா, மடித்தால் கிழிந்துவிடும் என்று நான் சொன்னேன். இனிமேல் கிழிந்தால் என்ன தம்பி என்றார்.

அதே மனுவில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது முழுக்க எங்கள் தப்பு. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். எங்கள் சங்கம் 2 ஆண்டு அனுப்பவில்லை. கூட்டம் நடந்தது, தேநீரும் வடையும் கொடுத்தோம், தேர்தலும் நடந்தது. பாரம் மட்டும் யாரும் நிரப்பவில்லை. மானியம் கேட்கப் போகிற சங்கம் முதலில் உயிரோடு இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நான் கணக்கெழுதுகிறவன், எனக்கே இது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

ஊரா, நகரமா?

இரண்டாவது முறை ஒரு நண்பர் வழி சொன்னார். கிராமப்புற மேம்பாட்டுக்கு என்று தனி அமைச்சு இருக்கிறதே, அங்கே போங்கள் என்றார். போனோம். உங்கள் இடம் எந்த ஊராட்சிக்குக் கீழ் என்று கேட்டார்கள். செபராங் பிறை முழுவதும் ஒரே உள்ளாட்சி மன்றத்தின் கீழ். 2019 செப்டம்பரில் அது மாநகர் மன்றமாகவும் ஆகிவிட்டது. அப்படியென்றால் நீங்கள் பண்டாராயா, கம்போங் இல்லை என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் செம்பனை, முன்னால் வாய்க்கால், காலையில் குரங்கு வந்து வாழைத்தாரைப் பிடுங்குகிறது. ஆனால் நாங்கள் மாநகரவாசிகள்.

இதை வேடிக்கையாக மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் நகர்ப்புறம் என்பது அரசிதழில் அறிவித்த பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து 10,000 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடம். தோட்டம் தோட்டமாக இருந்தபோது தனியார் நிலம் என்று கிராமத் திட்டங்கள் எட்டிப்பார்க்கவில்லை. தோட்டம் தாமானாக மாறியதும் நகரம் ஆகிவிட்டது. நடுவில் ஒருநாள்கூட நாங்கள் கிராமமாக இருக்கவில்லை.

மித்ரா பக்கமும் கேட்டுப் பார்த்தோம். இந்திய சமூகத்துக்கு என்று ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கும் பிரிவு. 2018-க்கு முன் செடிக் என்று இருந்தது. அந்தப் பணம் பெரும்பாலும் பாலர் கல்வி, தொழிற்பயிற்சி, சிறுநீரகச் சுத்திகரிப்பு உதவி என்று ஆட்களை நோக்கிப் போகிறது. அது நியாயம்தான். மித்ரா மானியங்கள் பற்றி 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கிய பிறகு, கணக்கு சரியாக இல்லாத சங்கம் அந்த வாசலில் நிற்கவே கூச்சப்பட வேண்டிய காலம். எங்கள் ஆண்டறிக்கையை அந்தச் சமயத்தில்தான் ஒழுங்குபடுத்தி முடித்தோம்.

எந்த நிலம், யாருடைய நிலம்

உண்மை வெளிவந்தது மாநகர் மன்றத்தின் திட்டப் பிரிவில். வீடமைப்புக்கு ஒப்புதல் கொடுத்த பழைய மனைவரைபடத்தை ஒரு இளம் பெண் அதிகாரி கணினியில் திறந்து காட்டினார். சாலைகள், வடிகால், விளையாட்டுத் திடல். ஓர் ஓரத்தில் சின்னச் செவ்வகம், அதற்குள் டேவான், அதாவது மண்டபம், என்று எழுதியிருந்தது. மேம்பாட்டாளர் அந்தத் துண்டை மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் ஒப்படைத்த நிலத்தைப் பொதுப் பயனுக்கென்று யாரும் அரசிதழில் பதியவில்லை. ஆக, அது கம்பெனி நிலமும் இல்லை, எங்கள் நிலமும் இல்லை, மண்டப நிலமும் இல்லை. வெறும் அரசு நிலம்.

அங்கிருந்து 3 வழி இருந்தது. முதலாவது தற்காலிக உரிமம், எல்லோரும் டிஓஎல் என்று சொல்வது. சீக்கிரம் கிடைக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் தேசிய நிலச் சட்டப்படி அது எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காய்கறி போடலாம், கொட்டகை போடலாம். அதை நம்பி அரசாங்கம் லட்சக்கணக்கில் கல்லும் சிமெண்டும் கொட்டாது. எங்களில் பாதிப் பேர் 2 ஆண்டு இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கையில் ஏதோ ஒரு காகிதம் இருக்கிறதே என்று.

இரண்டாவது வழி, சங்கத்தின் பெயரிலேயே பட்டா. அதற்கு மாநில அரசு மனம் வைக்க வேண்டும், நிலத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். பாலம் வந்த பிறகு அந்த வட்டாரத்தில் பிரீமியம் என்ன வரும் என்று ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

மூன்றாவது, அந்த நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. மாநில அரசு தன் நிலத்தைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் அந்த இடத்தை வேறு எதற்கும் கொடுப்பது லேசில்லை. ஆனால் கட்டுப்பாடு அறிவிப்பில் சொல்லப்படும் அரசு அதிகாரியின் கையில். கட்டடம் எழுந்தால் அது அரசாங்கக் கட்டடம். நாங்கள் சாவி வைத்திருக்கும் குழு, அவ்வளவுதான்.

இதற்குத்தான் பெரிய சண்டை வந்தது. நாம் அலைந்து திரிந்து கட்டினால் நமக்கு இல்லையா என்று பெரியவர்கள். இப்போது மட்டும் நமக்கு இருக்கிறதா என்று இளைஞர்கள். ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "அண்ணே, பேரு யார் பேர்ல இருந்தா என்ன? என் மக கல்யாணத்துக்கு உள்ள விடுவாங்களா மாட்டாங்களா?" யாரும் பதில் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் 62-ஆம் பிரிவு ஜெயித்தது, 9 வாக்கு வித்தியாசத்தில்.

இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அதே சட்டத்தில் அடுத்த பிரிவு, 63. ஒதுக்கிய நிலத்தை மாநில அரசின் ஒப்புதலோடு 21 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம் என்கிறது. ஒதுக்கீடு கேட்ட கடிதத்திலேயே இதையும் கேட்டிருக்கலாம். பெரியவர்கள் கேட்ட உரிமையும் ஒரு அளவுக்குக் கிடைத்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

பணம் வந்த விதம்

அரசிதழ் அறிவிப்பு கையில் வந்ததும் எல்லாம் மளமளவென்று நடந்தது. கட்டடத்துக்கு 238,000 ரிங்கிட் மத்திய அரசு வழியாக. நாற்காலி, மின்விசிறி, ஒலிபெருக்கிக்கு 30,000 சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீட்டிலிருந்து. நாங்கள் வசூலித்தது 22,000. மொத்தம் 290,000. வடிகாலும் சக்கர நாற்காலிச் சரிவும் மாநகர் மன்றம் தன் செலவில் போட்டது.

பெரிய தொகை எங்கள் கணக்குக்கு வரவே இல்லை. மாவட்ட அலுவலகம் கட்டட ஒப்பந்தக்காரருக்கு நேராகக் கொடுத்தது. பணம் கையில் வராததால் எங்கள் மேல் பழியும் வரவில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் பணத்தோடு பேச்சும் போய்விட்டது. அரசாங்கத்திடம் ஒரு அளவு, ஒரு மாதிரி வரைபடம் இருக்கிறது, அதைத்தான் கட்டினார்கள். எங்கள் தம்பி போட்ட நகல் எந்தக் கோப்பில் தூங்குகிறதோ.

சமையல் கட்டைப் பார்த்தால் புரியும். வெள்ளை ஓடு பதித்த அழகான அறை, ஒரு தொட்டி, ஒரு குழாய். அந்தக் குழாய்க்குக் கீழே 300 பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா நுழையாது. தொட்டிக்குள் சாய்த்துப் பார்த்தார்கள், கழுத்து மட்டும் போனது. இப்போது குழாயில் பச்சை ரப்பர் ஓஸ் மாட்டி, சன்னல் வழியாக வெளியே விட்டு, சிமெண்டுத் தரையில் வைத்துத்தான் அண்டா கழுவுகிறோம். கட்டுவதற்கு முன் சமைக்கிற ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தரையோடு ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்கு 50 ரிங்கிட்டுக்கு மேல் செலவாகாது.

திறப்பு விழா பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பூமாலை, உரை, பிரியாணி.

அப்புறம் வந்த பில்

முதல் மின்சார பில் வணிகக் கட்டணத்தில் வந்தது. முதல் ஆண்டுச் சராசரி மாதம் 210 ரிங்கிட். தண்ணீர் 20. கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கு 150. புல் வெட்ட 70. மாதம் 450, ஆண்டுக்கு 5,400.

வரவு: விசேஷங்கள் 9, ஒன்றுக்கு 300 ரிங்கிட். தேக்குவாண்டோ வகுப்பு மாதம் 80. பதினாறாம் நாள், பிறந்தநாள், கூட்டம் என்று சின்னதாக 14, ஒன்றுக்கு 60. எல்லாம் கூட்டினால் 4,500. முதல் ஆண்டே 900 ரிங்கிட் பள்ளம். பழுதுபார்ப்புக்கு அதில் ஒரு சல்லிக்காசு இல்லை.

14-ஆம் மாதம் கூரை வாய்க்காலில் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே இறங்கி, மேடைக்கு மேல் உட்கூரை ஊதிக்கொண்டது. மூன்று பலகை. பழுதுபார்க்க 680 ரிங்கிட் கேட்டார்கள். கட்டடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் கொடுத்த இடத்தில் போய் இந்த 680-ஐக் கேட்டோம். பராமரிப்புக்கு ஒதுக்கீடு இல்லை, அடுத்த ஆண்டு மனு போடுங்கள் என்றார்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் அந்த ஆண்டுப் பணம் தீர்ந்திருந்தது. ஊதிய பலகை 5 மாதம் அப்படியே தொங்கியது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் மேடையை விட்டுக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

புது மண்டபமும் பழைய மண்டபத்தின் பாதையிலேயே கிளம்பிவிட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். முன்பு கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தோம். இப்போது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறோம்.

அண்ணன் மகள் கொண்டுவந்த தாள்கள்

அண்ணன் மகள் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒரு பாடத்துக்காக அமெரிக்காவில் கிராமங்களுக்குப் பொதுக் கட்டடம் கட்டும் திட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, உங்க மண்டபக் கதை மாதிரியே இருக்கு, ஆனா தலைகீழா" என்று சில தாள்களைக் கொடுத்தாள்.

அங்கே விவசாயத் துறைக்குக் கீழே கிராம மேம்பாட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், நூலகம், சமூக மண்டபம் கட்டப் பணம் கொடுக்கிறது. உள்ளாட்சிகள், லாப நோக்கில்லாத சங்கங்கள், செவ்விந்தியப் பழங்குடி அமைப்புகள் கேட்கலாம். எந்த மன்றத்துக்குக் கீழ் இருக்கிறது என்பதை விட்டு, தலையை எண்ணித்தான் தொடங்குகிறார்கள். எங்கள் ஊரா நகரமா கதை அங்கே இந்த அளவுக்குச் சுற்றியிருக்காது.

ஆனால் முதலில் கொடுப்பது கடன். கட்டடத்தின் ஆயுள் அல்லது 40 ஆண்டு, எது குறைவோ அதுவரை தவணை, வட்டி மாறாது. வங்கியில் நியாயமான வட்டிக்குக் கிடைக்காது என்று காட்டினால்தான் இங்கே வரலாம். ஊர் ஆதரவு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மானியம் அதற்கு மேல், சின்ன ஊருக்கும் ஏழை ஊருக்கும் கூடுதலாக. 5,000 பேருக்குள் இருந்து, குடும்பங்களின் இடைநிலை வருமானம் அந்த மாநிலத்தின் நகரமல்லாத பகுதிகளின் இடைநிலை வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால், செலவில் 75 விழுக்காடு வரை மானியமாகக் கிடைக்கலாம். ஊர் பெருக்கப் பெருக்க, வருமானம் ஏற ஏற, அது 55, 35, 15 என்று இறங்குகிறது. மானியத்துக்கான மொத்தப் பணம் குறைவு என்பதால் பெரிய கட்டடம் என்றால் கடன்தான் தாங்க வேண்டும்.

படித்தபோது கஞ்சத்தனமான திட்டமாகத்தான் தெரிந்தது. ஏழை ஊருக்குக் கடனா? அப்புறம் ஒரு வரி கண்ணில் பட்டது. கடன் வாங்கும் சங்கம், ஒவ்வோர் ஆண்டும் ஆண்டுத் தவணையில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். ஒரு முழு ஆண்டுத் தவணை சேரும்வரை. கடன் கொடுக்கும் முன்பே, இந்தக் கட்டடத்தை நடத்த வருமானம் எங்கிருந்து வரும் என்று கணக்குக் கேட்கிறார்கள். எங்கள் 11 பக்க மனுவில் அந்தக் கேள்வியே இல்லை. மனு வாங்கிய யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிரவு எங்கள் மண்டபத்தை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 3 லட்சம் ரிங்கிட் முழுக்கவும் கடன், 4 விழுக்காடு வட்டி, 40 ஆண்டு என்றால் மாதம் 1,254. எங்களால் முடியாது. அதில் 75 விழுக்காடு மானியமாகப் போய் 75,000 மட்டும் கடன் என்றால் மாதம் 313. எங்கள் தாமானில் 86 வீடு. வீட்டுக்கு 3 ரிங்கிட் 65 சென். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் தேநீர் வாங்கும் காசு.

இதை நம் ஊரில் அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். அரசு நிலத்தில் நிற்கும் அரசுக் கட்டடத்துக்கு நாங்கள் எப்படிக் கடன் வாங்குவது? நிலம் எங்கள் பெயரில் இல்லாத இடத்தில் எந்த வங்கி வரும்? என் வியப்பெல்லாம் அந்த 3 ரிங்கிட் 65 சென்னைப் பார்த்துத்தான். 7 ஆண்டில் ஒருமுறைகூட எங்கள் வீடுகளிடம் மாதம் இவ்வளவு தாருங்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. திறப்பு விழா வசூல் கேட்டோம், கூப்பன் விற்றோம், நாளிதழில் பெயர் போடுகிறோம் என்று நன்கொடை கேட்டோம்.

மைலோ டின் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்க மாசம் பத்து வெள்ளி கட்டினவங்கப்பா." வெள்ளி என்றால் ரிங்கிட். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளிகள் சம்பளத்திலிருந்து மாதம் பத்துப் பத்தாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கியது அது. அந்த நாளில் பால்மரம் வெட்டுகிறவர் கூலிக்கு 10 வெள்ளி என்பது இன்றைய 3 ரிங்கிட் 65 சென்னைவிட எவ்வளவோ கனம். அதைக் கட்டியவர்கள் எங்கள் தாமானில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நாங்கள் அவர்களைப் பொன்னாடைக்குத்தான் கூப்பிட்டோம், யோசனைக்குக் கூப்பிடவில்லை.

இப்போது

இரண்டாம் ஆண்டு ஆண்டுக் கூட்டத்தில் வீட்டுக்கு மாதம் 5 ரிங்கிட் என்று தீர்மானம் போட்டோம். 86 வீட்டில் 60 வீடு ஒழுங்காகக் கட்டுகிறது. கட்டாத 26 வீட்டில் சில வீடுகள் வாடகைக்காரர்கள், சில வீடுகள் பழைய சண்டை. விட்டுவிட்டோம். மாதம் 300, ஆண்டுக்கு 3,600. கட்டுகிறவர்களுக்கு மண்டப வாடகை அதே 300; வெளியாருக்கு 450. இதற்கு முதலில் முகம் சுளித்தவர்கள், தங்கள் வீட்டு விசேஷம் வந்தபோது நிலுவையைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

மாதம் 100 ரிங்கிட் தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. எடுக்க 2 கையெழுத்து வேண்டும்; அதில் ஒன்று குழுவில் இல்லாத ஒருவருடையது. கூரைப் பலகை மாற்றியாகிவிட்டது. ஆண்டறிக்கை 60 நாளுக்குள் போகிறது, நானே போடுகிறேன். 63-ஆம் பிரிவுக் குத்தகைக்கு மனு கொடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை மட்டும் கையில் இருக்கிறது.

வேறு ஒரு தாமானிலிருந்து இருவர் போன மாதம் பார்க்க வந்தார்கள். அவர்களும் மண்டபம் கட்டப் போகிறார்களாம், வரைபடம் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல வரைபடம், மேல்மாடிகூட இருந்தது. நிலம் யாருடையது என்று கேட்டேன். கோயிலை ஒட்டிய இடம்தான் அண்ணே, நம்ம இடம் மாதிரிதான் என்றார்கள். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு முதலில் நில அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் மாத வரவு, வலப்பக்கம் மாதச் செலவு என்று கோடு போட்டுக் கொடுத்தேன். செலவுப் பக்கத்தில் கூட்டுகிற ஆளின் சம்பளத்தை முதலில் எழுதுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான் என்றேன். சமையல் கட்டுக்கும் கூட்டிப் போய் ரப்பர் ஓஸைக் காட்டினேன்.

அவர்கள் போன அடுத்த வாரம் மண்டபத்தில் ஒரு மின்விசிறி எரிந்துபோனது. பொருளாளர் இரண்டாவது கையெழுத்து வாங்கி, சேமிப்பிலிருந்து 140 ரிங்கிட் எடுத்து, சுங்கை பாக்காப் கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். மறுநாள் தேவார வகுப்பு நடந்தது.